தங்கையைத் தெரியாமல் போகும் பயிற்சி

மூத்தவளின் சினைப்பையில் முட்டை தீர்ந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க மகப்பேறு உதவி மையத்துக்கு ஒரு ஸ்கேனும் ஒரு ரத்தப் பரிசோதனையும் போதுமாக இருந்தன. அதை அவளிடம் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதல் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டாவது டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய டாக்டருக்கு போன் செய்வதாகச் சொல்லி வெளியே போனவர் திரும்பி வரவில்லை. கடைசியில் அறையைத் துடைக்க வந்த அம்மாள்தான், "உங்களுக்கு முட்டை இல்லையாம்மா. வேற யாராவது குடுத்தா, கருவாக்கி உங்க வயித்துல வெச்சு விடுவாங்க. கொஞ்சம் காலத் தூக்கிக்கோங்க, தரை ஈரம்" என்று விஷயத்தை உடைத்தாள்.

மூத்தவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்து, மூக்குக்கும் காதுக்கும் சண்டை வராமல் பொருத்திக் கொடுப்பாள். கல்யாணமாகிப் பல வருஷம். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்லவன், வாயைத் திறந்தால் காசு கேட்பார்களோ என்று பயப்படுகிறவன் போல இருப்பான். குழந்தை வேண்டும் என்பது அவளுக்கு முதலில் ஆசையாக இருந்தது. பிறகு அது பல்வலி மாதிரி ஆகிவிட்டது. வேலை பார்க்கலாம், சிரிக்கலாம், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறலாம். அது பாட்டுக்கு உள்ளே வலித்துக்கொண்டிருக்கும். முதல்முதலாகக் கண்ணாடி போட வரும் சின்னப் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்யும்போது மட்டும் அவள் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்வாள்.

மாடியில் அவள் குடும்பம். கீழ்வீட்டில் அம்மாவும் தங்கையும் தங்கையின் மகளும். இளையவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேனுக்கு ஹாரன் இருக்கிறது என்பதே அவள் தொண்டையைக் கேட்டவர்களுக்கு மறந்துபோகும். அவள் புருஷனுக்குக் கப்பலில் சமையல் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீரில் இருப்பான். அக்கா சொன்னதைக் கேட்டதும் இளையவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"அவ்ளோதானா? எங்கிட்ட இருக்கில்ல. எடுத்துக்க."

மிக்சி கேட்டவளுக்கு மிக்சியைக் கொடுப்பது போலத்தான் சொன்னாள்.

"ஊசியெல்லாம் போடுவாங்கடி. மயக்கம் குடுத்து எடுப்பாங்களாம்."

"ஒண்ணப் பெத்தவளுக்கு ஊசி பெரிசா?"

"அது இல்ல..." மூத்தவள் தடுமாறினாள். "நாளைக்கு அது உன் ஜாடையில இருந்தா?"

"நீ யாரு ஜாடை? நான் யாரு ஜாடை? ரெண்டு பேரும் அம்மா ஜாடை. அதுவும் அம்மா ஜாடையில பொறந்து நம்ம எல்லாரையும் திட்டும். போய்ப் பேர் குடுத்துட்டு வா."

மூத்தவள் அன்றைக்கு மாடிப்படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷம் பாதி, பயம் பாதி. பிள்ளை பிறந்து, அது எந்த மடியைத் தேடிப் போகும் என்ற பயம். அதைத் தங்கையிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மையத்தின் இயக்குநர் அவர்களை நேரிலேயே வரவேற்றார். பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் நின்றார். கொடையாளர் அடையாள மறைப்பு மற்றும் அந்நியத்தன்மைப் பாதுகாப்பு அதிகாரி என்பது அவர் பதவி. சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றி வாங்கிச் சரிசெய்துவிட மூத்தவளின் கை பரபரத்தது.

"எங்க மையத்துல ரெண்டே விதி" என்றார் இயக்குநர். "ஒண்ணு, கருமுட்டை தர்றவங்களை நீங்களேதான் கூட்டிட்டு வரணும். மையம் தேடித் தராது. ரெண்டு, தர்றவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியவே கூடாது."

மூத்தவள் யோசித்துப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நானே கூட்டிட்டு வந்தா எனக்குத் தெரியுமே சார்?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க." இயக்குநர் வருத்தப்பட்டார். "விதி எழுதினப்ப ரெண்டு கமிட்டி போட்டோம். ஒரு கமிட்டி ஒரு விதி எழுதிச்சு, இன்னொரு கமிட்டி இன்னொரு விதி எழுதிச்சு. ரெண்டும் அருமையான விதி. எதை விடறதுக்கும் மனசு வரல."

"அப்ப மத்தவங்கள்லாம் என்ன பண்றாங்க?"

"போன மாசம் ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தெருவுல எறங்கி, கைக்கு அகப்பட்டவங்களை இழுத்துட்டு வந்தார்" என்றார் மறைப்பு அதிகாரி. சொல்லும்போதே அவர் குரல் நெகிழ்ந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல விதிப்படி நடந்துக்கிட்டவர் அவர் ஒருத்தர்தான். என்ன, வந்தவர் தபால்காரர். முட்டை எடுக்க முடியல."

இயக்குநர் இளையவளைப் பார்த்தார். "இவங்க?"

"என் தங்கச்சி சார்."

மறைப்பு அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தை இந்த அறையில வேண்டாம்" என்றார் தாழ்ந்த குரலில். "கவலைப்படாதீங்க. உறவுங்கறது ஒரு பழக்கம்தான். சிகரெட் மாதிரி. எங்ககிட்டப் பயிற்சி இருக்கு, விட்டுடலாம். அந்நியர் சான்றிதழ் வாங்கிட்டீங்கன்னா இவங்களே உங்களுக்குக் கொடையாளர்."

"முப்பது வருஷமா தெரியும் சார் இவளை" என்றாள் மூத்தவள்.

"அதனாலதான் பயிற்சி கொஞ்சம் நீளம்" என்றார் அதிகாரி.

பயிற்சி அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு படம். படத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மகிழ்ச்சியாக நின்றார்கள். அதிகாரி மூத்தவளை நாற்காலியில் உட்காரவைத்து, இளையவளை வெளியே அனுப்பி, மறுபடியும் உள்ளே வரச் சொன்னார். முன்பின் தெரியாத இருவர் ஓர் அறையில் சந்தித்தால் எப்படி இருப்பார்களோ அப்படி இருக்க வேண்டும்.

இளையவள் கதவைத் தட்டி உள்ளே வந்து, எதிரே உட்கார்ந்தாள். ரொம்ப மரியாதையாகச் சிரித்தாள்.

"வணக்கங்க. நீங்க எந்தப் பக்கம்? வீடு சொந்தமா வாடகையா? வீட்டுக்காரர் என்ன பண்றார்? குழந்தைங்க எத்தனை? இன்னும் ஒண்ணும் இல்லையா, ஏன், யாருக்குக் கோளாறு?"

"நிறுத்துங்க" என்றார் அதிகாரி. "தெரியாதவங்ககிட்ட யாரும் இவ்வளவு கேக்க மாட்டாங்க."

"சார் பஸ்லயே போனதில்ல போலிருக்கு" என்றாள் இளையவள்.

அடுத்த முறை அவள் ஒன்றும் கேட்காமல் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டத் தொடங்கும்போது மூத்தவள் வாய் திறந்தாள்.

"ஏன்டி, தலையில எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு? பேய் மாதிரி வந்து நிக்கற. காலையில சாப்பிடவும் இல்ல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். முன்பின் தெரியாத ஒருத்தியை யாரும் இத்தனை உரிமையோடு ஏசுவதில்லை என்பதற்கு மையத்திடம் ஆராய்ச்சி முடிவுகள் இருந்தன. அதன் பிறகும் பல நாள் முயன்றார்கள். ஒரு நாள் மூத்தவள் தன்னையறியாமல் இளையவளின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். இன்னொரு நாள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி மூக்கைச் சொறிந்தார்கள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் மூத்தவள் அதிகாரியின் கண்ணாடியை வாங்கி, கம்பியை லேசாக வளைத்து, அவர் முகத்தில் நேராக உட்கார வைத்தாள். அதிகாரி கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பாருங்க, எங்கிட்ட எவ்ளோ தூரமா, எவ்ளோ பதவிசா நடந்துக்கறீங்க. இதையேதான் அவங்ககிட்டயும் எதிர்பார்க்கறோம்."

வேனில் திரும்பும்போது இளையவள்தான் இதற்கு ஒரு வழி சொன்னாள்.

"அக்கா, என் பொண்ணு பொறந்தப்ப நீ ஆஸ்பத்திரிக்கே வரலையே. அப்புறம் கொஞ்ச காலம் நம்ம பேசிக்கல. அப்ப எப்படி இருந்தோம்? படியில எதிர எதிர வந்தாலும் சுவத்தைப் பாத்துக்கிட்டே போவோமே. அத மாதிரி இருந்துட்டா என்ன?"

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. அந்த நாட்களைப் பற்றி அவர்கள் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. தங்கையின் கையில் குழந்தையைப் பார்க்கச் சக்தி இல்லாமல் அவள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள் என்பது தங்கைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் பயிற்சி அறையில் இருவரும் அப்படியே இருந்தார்கள். இளையவள் உள்ளே வந்தாள். மூத்தவள் சுவரைப் பார்த்தாள். இளையவள் வேறொரு சுவரைப் பார்த்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல் வகுப்பு" என்றார். இயக்குநர் கையெழுத்திட்ட அந்நியர் சான்றிதழை இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். வீடு வரும்வரை வேனில் யாரும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமோ என்று இருவருக்குமே பயமாக இருந்தது.

சான்றிதழ் வந்த கையோடு வீட்டு ஆய்வுக்கு அதிகாரி வந்துவிட்டார். அம்மா கதவைத் திறந்தாள்.

"உங்களுக்கு எத்தனை பொண்ணு?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டு இருக்க முடியாதும்மா. மையத்தோட பதிவுப்படி அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாரும் இல்ல. அப்ப அதுல ஒருத்தரை உங்களுக்கும் தெரியாது. எந்தப் பொண்ணத் தெரியாதுன்னு சொன்னா எழுதிக்கறேன்."

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. கூடத்தில் நின்ற இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி பாத்திரத்தைத் தேய்க்காமப் படுத்தவ எவளோ, அவளை எனக்குத் தெரியாது. எழுதிக்கோ."

அதிகாரி எழுதிக்கொண்டார். மாடிப்படியை இரண்டு தரப்பும் வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்த வேண்டும், கொடியில் துணிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். இளையவளின் மகளையும் கூப்பிட்டு விசாரித்தார். அவள் மூத்தவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவது அனுமதிக்கப்படாது, வேண்டுமானால் "மேல்வீட்டு ஆன்ட்டி" என்று கூப்பிடலாம் என்றார். "பெரியம்மாவை நான் பெரியம்மான்னு கூப்பிட மாட்டேனே, குண்டம்மான்னுதான் கூப்பிடுவேன்" என்று அவள் சொன்னதும் அதிகாரி மகிழ்ந்துபோய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஊசிக் காலம் வந்தது. ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும். தினமும் வயிற்றில் ஊசி போட்டால் பல முட்டைகள் சேர்ந்து முதிரும். அதே நாட்களில் மூத்தவள் மாத்திரை விழுங்கித் தன் கருப்பையின் உள்சுவரைத் தடிப்பாக்க வேண்டும். கீழ்வீட்டில் முட்டை வளர வளர மாடியில் அதற்கு மெத்தை தயாராக வேண்டும் என்பதுதான் இந்த வைத்தியத்தின் சுருக்கம். இளையவள் எவ்வளவு பெரிய தொண்டைக்காரியானாலும் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரில் குத்தினாள். மூத்தவளின் கைதான் நிதானமானது. ஆனால் பெறுபவர் தருபவருக்கு ஊசி போடுவதா? மையம் கூடி ஆலோசித்தது.

முடிவில் அதிகாரி ஒரு போர்வையோடு வந்தார். போர்வையின் நடுவில் கையகலத்துக்கு ஒரு ஓட்டை வெட்டியிருந்தது. அதைக் கூடத்தின் குறுக்கே கட்டினார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் வயிறு, இந்தப் பக்கம் ஊசி.

"வயித்தை வெச்சு யாரையும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

தினமும் சாயங்காலம் போர்வையின் ஓட்டையில் ஒரு வயிறு வந்து நிற்கும். அதில் பிரசவத்துக்குக் கிழித்த தழும்பு ஓரத்தில் வளைந்திருக்கும். மூத்தவள் ஸ்பிரிட் தடவி, சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவாள். நாளாக நாளாக வயிறு உப்பிக்கொண்டு வந்தது.

"வலிக்குதா?" என்று அவள் கேட்பாள்.

"யாருங்க பேசறது?" என்று போர்வை கேட்கும்.

"ஊசி போடற அம்மா."

"ஊசி போடற அம்மா கை ஜில்லுனு இருக்கு. சூடா டீ குடிச்சுட்டு வந்து போடச் சொல்லுங்க."

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரி, இது அந்நியர்களுக்குள் நடக்கும் பேச்சுத்தானா என்று விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். மூத்தவளுக்குச் சிரிப்பு வரும். ஊசி இறங்கிய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். இந்த உப்பல், தலைவலி, குமட்டல் எல்லாம் தனக்காகத்தான். ஒரு முறை கட்டிப்பிடித்து நன்றி சொல்லக்கூட வழியில்லாமல் நடுவில் ஒரு போர்வை தொங்குகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஸ்கேனில் முட்டைகள் தயார் என்று தெரிந்ததும் கடைசி ஊசி போட்டார்கள். அது போட்ட பிறகு குறித்த நேரத்தில் முட்டைகளை எடுத்தாக வேண்டும். தவறினால் அவை தாமாக வெளியேறி வீணாகிவிடும். லேபில் முட்டைகளைக் கருவாக்கும் அம்மாள் இதை எல்லாருக்கும் ஒருமுறை சொன்னாள். வேறெதுவும் பேசாதவள் அவள். "முட்டைக்குக் கமிட்டி தெரியாது" என்று மட்டும் போகிற போக்கில் இயக்குநரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

குறித்த நாள் காலையில் இளையவளை உள்ளே கொண்டுபோனார்கள். அம்மா பேத்தியோடு வீட்டில் இருந்தாள். மூத்தவளும் புருஷனும் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவன் தன் பங்கை லேபில் கொடுத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதே நேரம் மையத்தைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. இயக்குநர் அதே கூடத்தில் மைக் பிடித்தார்.

"எங்கள் மையம் உறவுகளை உருவாக்குகிறது" என்று ஆரம்பித்தார். "உறவை உருவாக்க வேண்டுமானால் முதலில் இருக்கிற உறவுகளை அப்புறப்படுத்தி இடம் பண்ண வேண்டும். இந்தச் சின்ன விஷயம் உலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தோன்றியது. இங்கே தருகிறவருக்கு முகம் கிடையாது. பெறுகிறவருக்கு வாய் கிடையாது. பிறக்கிற குழந்தையைப் பற்றி எங்களுக்குத் தகவல் கிடையாது, ஏனென்றால் அதற்கு இன்னும் கமிட்டி போடவில்லை. சென்ற ஆண்டு மட்டும் ஏராளமான சகோதரிகளை, நாத்தனார்களை, ஒரு இரட்டைப் பிறவியைக்கூட வெற்றிகரமாக அந்நியர்களாக்கியிருக்கிறோம். அவர்களில் பலர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை."

குழு கை தட்டியது. அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள்.

"முட்டை எடுத்தாச்சு. ஆனா அந்தப் பொண்ணுக்கு உள்ள ரத்தம் கசியுது, பிரஷர் எறங்குது. ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும். யாரு வந்திருக்கீங்க?"

மறைப்பு அதிகாரி குறுக்கே வந்து நின்றார். "அவங்களுக்கு யாரும் கிடையாது. பதிவுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப யாரு சார் கையெழுத்துப் போடுவா?"

"யாரும் இல்லாதவங்களோட சொந்தக்காரங்க யாராவது போடலாம்."

மூத்தவளின் புருஷன் அவளைப் பார்த்தான். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் சான்றிதழ் போச்சு, முட்டை போச்சு, பிள்ளை போச்சு. இனிமேல் அவளுக்காக யார் வயிற்றில் ஊசி ஏறப்போகிறது? ஒரு மூச்சு விடும் நேரம் அவள் பிள்ளையைத்தான் நினைத்தாள். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை.

"நான் போடறேன்! நான் அவ அக்கா! கூடப் பொறந்த அக்கா! தள்ளுய்யா அந்தப் பக்கம்!"

கூடம் அதிர்ந்தது. தொண்டை இளையவளுக்கு மட்டும் வாய்த்ததல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. அதிகாரியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அவசரத்தில் பாதிப் பெயர்தான் தாளில் விழுந்தது. நர்ஸ் திரும்பி ஓடினாள். குழுவினர் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"பார்த்தீர்களா?" அவர் குரல் தழுதழுத்தது. "முன்பின் தெரியாத ஒரு கொடையாளர். பெறுபவர் அவரைத் தன் சொந்தத் தங்கையாகவே நினைக்கிறார். நன்றி பெருகி மூளைக்கு ஏறிய நிலை இது. நன்றி மிகைப்பு என்று பெயர். எங்கள் சேவையின் தரம் இதைவிட வேறு எப்படித் தெரியும்?"

குழுவில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூத்தவள் "நிஜமாவே அக்காதான் சார்" என்று கத்தினாள். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.

இளையவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கசிவு நின்றுவிட்டது, பயமில்லை என்று நர்ஸ் வந்து சொன்னதும் மூத்தவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழு சாப்பிடப் போனது. இயக்குநர், அதிகாரி, லேப் அம்மாள் மூவரும் அவளை மீட்பு அறைக்கு அழைத்துப் போனார்கள். அறையின் பாதியில் திரை இழுத்துவிட்டிருந்தது. அந்தப் பக்கம் இளையவள் படுத்திருந்தாள்.

"நல்ல முட்டைங்க" என்றாள் லேப் அம்மாள். "இன்னிக்கே சேர்த்தாகணும். யாருக்குன்னு சொல்லுங்க, நான் போறேன்."

"ஒரு சின்னச் சடங்கு பாக்கி" என்றார் அதிகாரி. "நன்றி மிகைப்பு வந்தவங்களுக்குச் சரியாயிடுச்சுன்னு நாங்க பதிவு பண்ணணும். முதல்ல கொடையாளர்." அவர் திரைக்குள் தலையை நீட்டினார். "இந்தப் பக்கம் நிக்கறவங்க யாருன்னு தெரியுமா?"

இளையவளுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. குரல் குழறியது.

"யாரு? தெரியாது. யாரோ கத்திக்கிட்டு இருந்தாங்க."

"பிரமாதம். மயக்கத்துல யாரும் பொய் சொல்றதில்ல." அதிகாரி எழுதிக்கொண்டு மூத்தவளிடம் திரும்பினார். "இப்ப நீங்க. இவங்க எனக்கு யாரும் இல்லன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. முட்டை உங்களுக்கு. ஆனா அழக் கூடாது. கண்ணுல தண்ணி வந்தா உறவுன்னு எடுத்துப்போம், அதான் விதி."

மூத்தவள் வாயைத் திறந்தாள். "இவ எனக்கு..." என்றதுமே கண் நிறைந்துவிட்டது. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் அப்படியே ஆயிற்று.

"என்னால முடியாது" என்றாள் அவள். "பிள்ளையே வேண்டாம் எனக்கு. கொஞ்சம் முன்னாடி அவ செத்துக் கித்துப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? என் வாயால அவளை யாரும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

லேப் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். இயக்குநர் கூரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. தெருவே அறிந்த குரல், இப்போது கட்டிலைக்கூடத் தாண்ட முடியாமல் வந்தது.

"ஏங்க, யாருன்னே தெரியாத அம்மா. எனக்கு வயிறு ரொம்ப வலிக்குது. இவ்ளோ ஊசி நான் சும்மா போட்டுக்கல. யாரோ ஒருத்தி பிள்ளையத் தூக்கணும்னுதான் போட்டுக்கிட்டேன். அந்த யாரோ ஒருத்தியா நீங்க இருந்துட்டுப் போங்களேன். ஒரு வார்த்தைதானே. சொல்லித் தொலைங்க."

மூத்தவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அந்தப் பழைய நாட்களை நினைத்துக்கொண்டாள். படியில் தங்கை வருவாள், சுவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

"இவ எனக்கு யாரும் இல்ல."

குரல் நடுங்கவில்லை. கண் காய்ந்தே இருந்தது. தானா அதைச் சொன்னோம் என்று அவளுக்கே நெஞ்சு திக்கென்றது. லேப் அம்மாள் தலையாட்டிவிட்டு விறுவிறுவென்று லேபுக்குப் போனாள்.

திரைக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. சொல்லச் சொன்னவள்தான் அழுதாள். முதலில் அடக்கிக்கொண்டு அழுதாள். பிறகு அடக்க முடியாமல், வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். மூத்தவளின் கால் தானாக ஓர் அடி எடுத்துவைத்தது. அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். தருகிறவர் அழலாம், அது மருந்தின் விளைவு, விதியில் அதற்கு இடமிருக்கிறது என்று விளக்கினார். பெறுகிறவர்தான் அங்கே போகக் கூடாது.

அவள் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, அந்த அழுகை ஓயும்வரை நின்றாள். அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"இத்தனை நாள் பயிற்சியில இன்னிக்குத்தாம்மா உங்களுக்குச் சரியா வந்திருக்கு" என்றார்.